பிறந்த நாள் யாருக்குச் சொந்தம்?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நாம் பேசியதன் சாரம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் பிறந்த நாள் கொண்டாட்டம் என்பதாகும். நம்மவர்களில் ஒரு சாரார், கேக் வெட்டுவது அன்னிய வழக்கம், எரிகிற மெழுகுவத்தியை ஊதி அணைப்பது அபசகுனம் என்கிறார்கள். மற்றொரு சாரார், நட்சத்திரம் பார்த்து ஆயுஷ்ய ஹோமம் செய்வது பழைய பஞ்சாங்கம், கேக் வெட்டுவதுதான் நாகரிகம் என்கிறார்கள். ஆனால் எதற்காகச் செய்கிறோம் என்று இரு சாராருமே கேட்பதில்லை. மற்ற தேசத்தார் செய்வதைக் கொஞ்சம் பார்த்தால் இந்தச் சண்டைக்கு எவ்வளவு பெறுமானம் உண்டு என்பது விளங்கிவிடும்.

முதலில் வயதுக் கணக்கையே எடுத்துக் கொள்ளுங்கள். கொரியா தேசத்தில் குழந்தை பிறந்தவுடனேயே அதற்கு ஒரு வயது என்று வைத்தார்கள். வருஷப் பிறப்பன்று எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரு வயது கூடிவிடும். ஆகவே டிசம்பர் 31-ந் தேதி பிறந்த குழந்தைக்கு மறுநாளே இரண்டு வயது! தென் கொரியாவில் 2023-ஆம் வருஷம் ஜூன் 28 முதல், பெரும்பாலான சர்க்கார் காரியங்களுக்குப் பிறந்த தேதிப்படிதான் வயது என்று சட்டம் வந்தது. பல கோடிப் பேருக்கு ஒரே நாளில் காகிதத்தில் வயது குறைந்தது. எந்தக் கிரகமாவது கோபித்துக் கொண்டதா?

நம் நாட்டில் 27 நட்சத்திரங்கள் வைத்துக் கொண்டு பலன் சொல்லுகிறார்கள். உலகத்தில் இன்று 800 கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு நட்சத்திரத்திற்கு ஏறக்குறைய 30 கோடிப் பேர் வருகிறார்கள். இந்த 30 கோடிப் பேருக்கும் ஒரே பலன் என்றால், அதைச் சொல்ல ஜோசியன் எதற்கு?

வாழ்த்துகளைப் பாருங்கள். போலந்து தேசத்தார் பிறந்த நாளில் பாடும் பாட்டுக்குப் பெயர் "ஸ்டோ லாட்" என்பது. நூறு வருஷம் என்று அதற்கு அர்த்தம். நம் கிழவிகள் "நூறு வயசு இரு" என்பதும் அதுவேதான். சீனர்கள் நீளமான நூடுல்ஸைப் பரிமாறி, அதுபோல ஆயுளும் நீளட்டும் என்பார்கள். ஜெர்மனியிலோ முதல் நாளே வாழ்த்துச் சொன்னால் கெடுதல் வருமென்று எண்ணுகிறவர்கள் இன்றும் உண்டு. மூடநம்பிக்கை நம் ஒருவருக்கே பட்டாப் போட்ட சொத்தல்ல. வாழ்த்தினால் ஆயுள் வளராது. அம்மை குத்துவதும், நல்ல தண்ணீரும், நல்ல பிரசவ ஆஸ்பத்திரியும்தான் ஆயுளை வளர்த்தன. ஆனாலும் ஒருவரையொருவர் அன்போடு வாழ்த்துவதில் நமக்கு ஆட்சேபனை இல்லை. அதற்கு நடுவில் ஒரு தரகன் வந்து உட்காருவதில்தான் ஆட்சேபனை.

கிறிஸ்தவப் பெரியார் ஒரிகன் என்பவர் 3-ஆம் நூற்றாண்டில், பிறந்த நாள் கொண்டாடுவது பாவிகள் வேலை என்று பேசினார். பைபிளில் பிறந்த நாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதுமே என்பது அவர் காட்டிய ஆதாரம். அடுத்த நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் டிசம்பர் 25 ஏசுவின் பிறந்த நாளாகிவிட்டது. ஐரோப்பாவின் பல பாகங்களில் சாதாரண ஜனங்கள் தாங்கள் பிறந்த நாளைவிட, தங்கள் பெயர் கொண்ட மகானின் நாளையே பெரிதாகக் கொண்டாடினார்கள். கிரேக்க தேசத்தில் அவ்வழக்கம் இன்றும் இருக்கிறது. அதாவது, பிறந்தவன் இவன், நாள் மகானுடையது!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பெரும் பேச்சாளராகவும் ஆசிரியராகவும் விளங்கிய பிரடெரிக் டக்ளஸ் என்பவர் 1845-இல் தம் வரலாற்றை எழுதினார். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் தங்கள் வயது தெரியும், தமக்கு மட்டும் தெரியாது, எஜமானனைக் கேட்கவும் முடியாது என்று அதில் வருந்துகிறார். கடைசியில் பிப்ரவரி 14-ஐத் தமது பிறந்த நாளாகத் தாமே வைத்துக் கொண்டார். ஒரு மனிதனை மாடாக்க வேண்டுமானால் முதலில் அவனுடைய பிறந்த நாளைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நாகரிகம் என்று நம் பட்டணத்துப் பிள்ளைகள் பாடும் இங்கிலீஷ் பிறந்த நாள் பாட்டின் யோக்கியதையையும் பார்ப்போம். அமெரிக்காவில் லூயிவில் என்ற ஊரில் மில்ட்ரெட் ஹில், பாட்டி ஹில் என்ற சகோதரிகள் சிறு குழந்தைகளின் பள்ளிக்கூடத்திற்காக ஒரு காலை வணக்கப் பாட்டுக் கட்டி 1893-இல் வெளியிட்டார்கள். அந்த மெட்டில் பிறந்த நாள் வாழ்த்தை ஜனங்கள் பாடி வந்தார்கள். 1935-இல் ஒரு கம்பெனி அதற்கு உரிமைப் பதிவு செய்தது. 1988-இல் அந்த உரிமை வார்னர் கம்பெனிக்குக் கைமாறியது. வீட்டில் பாடினால் போகட்டும்; சினிமாவிலோ பொதுமேடையிலோ பாடினால் பணம் கட்ட வேண்டும்! கட்டணத்திற்குப் பயந்து சாப்பாட்டு ஓட்டல்கள் தனிப் பாட்டே கட்டிக் கொண்டன. இந்தப் பாட்டைப் பற்றிப் படம் எடுத்த ஓர் அம்மையாரிடம் 1,500 டாலர் கேட்டார்கள். அவர் 2013-இல் வழக்குத் தொடுத்தார். 2015-இல் நீதிபதி ஆராய்ந்து, பாட்டின் வார்த்தைகளுக்கு அக்கம்பெனி கொண்டாடிய உரிமை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். 2016-இல் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுப்பதென்று சமாதானமாகி, பாட்டு ஜனங்களுக்கே பொதுவாயிற்று. அங்கே கம்பெனி, இங்கே புரோகிதன். நம் வாழ்த்துக்கு நம்மிடமே கூலி கேட்பதில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் ஒன்றுதான். அங்கே ஓர் அம்மாள் "உன் பத்திரத்தைக் காட்டு" என்று கேட்டாள். இங்கே நாம் இன்னும் கேட்கவில்லை.

தோழர்களே! நம் கிராமங்களில் வயதானவர்களைக் கேட்டால், "பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதி" என்பார்கள். நட்சத்திரம் குறித்து வைத்த வீடுகள் உண்டு. தேதி குறித்து வைத்த வீடுகள் குறைவு. ஏழை வீட்டில் இரண்டும் இல்லை. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி பிறப்பைப் பதிய வேண்டும். 21 நாளுக்குள் தெரிவித்தால் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேரவும் மற்றக் காரியங்களுக்கும் பிறப்புச் சான்றிதழே அத்தாட்சியாக்கப்பட்டிருக்கிறது. உலகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 15 கோடிப் பேர் பிறந்ததாக எங்கும் பதிவே இல்லை என்று 2024-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் கணக்குக் கொடுத்தது. பதிவில்லாத பிள்ளையைக் குறைந்த வயதில் வேலைக்கு அனுப்பினாலும், பெண்ணைக் குறைந்த வயதில் கட்டிக் கொடுத்தாலும், வயதை எதைக் காட்டி மெய்ப்பிப்பது?

ஆகையால் நாம் சொல்லுவதெல்லாம் இவ்வளவுதான். கேக் வெட்டுகிறவர்கள் வெட்டுங்கள், பாயசம் வைக்கிறவர்கள் வையுங்கள். எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் வாழ்த்துங்கள். ஆனால் கடன் வாங்கிச் செய்யாதீர்கள், தட்சணை கொடுத்துச் செய்யாதீர்கள். ஆண் பிள்ளைக்குச் செய்வதைப் பெண் பிள்ளைக்கும் செய்யுங்கள். பெற்றவள் உயிரைப் பணயம் வைத்த நாளும் அதுவே ஆனதால் அவளையும் கூட உட்கார வைத்து வாழ்த்துங்கள். எல்லாவற்றிற்கும் முன்னால், குழந்தை பிறந்தால் ஜோசியன் வீட்டுக்குப் போகும் கால் பதிவு ஆபீசுக்குப் போகட்டும் என்று கேட்டுக் கொள்ளுகிறோம்.