பழைய வண்டியும் பராமரிப்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் ஆண்டுதோறும் கற்றறிந்த புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசிச் சென்றிருக்கின்றனர். பத்தாம் வகுப்பு வரை மட்டுமே படித்து, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலந்தள்ளும் என்னைப் பேச அழைத்தபோது, என்ன பேசுவதென்று திகைத்தேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும், அந்தப் பழைய வண்டியைப் பற்றியே பேசும்" என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டேன். ஆகவே இன்று என் ஸ்டேஷன் வாகனே என் பேச்சின் பொருள்.

அவ்வண்டியை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலருகே மெதுவாக ஊர்ந்து செல்லும்போது, புது வண்டிக்குப் பூசை போட வந்தவர்கள் ஏளனமாகத் திரும்பிப் பார்ப்பார்களே, அதுதான். 1996-ஆம் ஆண்டு டாட்டா எஸ்டேட். பின்புறம் நீண்டு, கூரை கடைசி வரை ஒரே மட்டமாக ஓடி, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் வண்டி. 2014-இல், அயல்நாடு சென்ற ஒருவரிடமிருந்து 45,000 ரூபாய்க்கு வாங்கினேன். அக்காலத்தில் ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலை அதைவிட அதிகம்.

நம் நாட்டில் ஸ்டேஷன் வாகன் என்னும் இனம் ஒருபோதும் தழைத்ததில்லை. அம்பாசிடரிலும் அவ்வகை இருந்தது. எனினும் சிறு எண்ணிக்கையிலேயே ஓடின. 1992-இல் எஸ்டேட் வந்தது. 2004-இல் இண்டிகோ மெரீனா வந்தது. எதுவும் நிலைக்கவில்லை. 'பின்னால் இவ்வளவு நீளம் எதற்கு? சவ வண்டியைப் போல் இருக்கிறது' என்பதே பலருடைய அபிப்பிராயம். ஆனால் ஊருக்குப் போகும்போது இரண்டு மூட்டை அரிசியும், ஒரு வாழைக்குலையும், பாட்டியின் சக்கர நாற்காலியும் ஒன்றாக ஏற்ற வேண்டிய குடும்பத்தாருக்கு அந்நீளத்தின் அருமை தெரியும்.

உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன வண்டிக்கு உறுப்புகள் எங்கே கிடைக்கின்றன என்று பலர் கேட்கின்றனர். விடை எளிது. இவ்வண்டியின் நெஞ்சம் 1948 கன சென்டிமீட்டர் டீசல் இயந்திரம். அதே குடும்பத்து இயந்திரந்தான் அக்காலத்துச் சியெராவிலும், பாரம் சுமக்கும் சிறு வண்டிகளிலும், 1994-இல் வெளிவந்த சுமோவிலும் இருந்தது. சுமோ என்பது ஜப்பானிய மல்லனின் பெயரன்று. அந்நிறுவனத்தை வளர்த்த சுமந்த் மூல்காவ்கரின் பெயரிலிருந்து எடுத்த சுருக்கம். சுமோ ஊர்தோறும் ஓடிற்று. ஆதலால் அதன் உறுப்புகள் ஊர்தோறும் உள்ளன. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் செல்வர் வீட்டு உறவு கைகொடுப்பது போல, அருகிப்போன எஸ்டேட்டுக்குப் பெருகியிருந்த சுமோ கைகொடுக்கிறது. பழைய வண்டி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுவே: வண்டியின் அழகைப் பார்க்குமுன் அதன் சுற்றத்தைப் பாருங்கள்.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடியவை யாவை என்று கூறுகிறேன்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை அளவு கடந்து நெருக்குவதால் உண்டாகும் வெப்பத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆகவே அதற்கு வேண்டுவன நல்ல காற்றும் நல்ல எண்ணெயும். காற்று வடிகட்டியைத் தூசு நீக்கி வைப்பதற்குத் தொழில்நுட்பக் கல்வி வேண்டியதில்லை. டீசல் வடிகட்டியின் அடியிலுள்ள திருகைச் சற்றே தளர்த்தினால், அடியில் தங்கிய நீர் வடிந்துவிடும். இரண்டு மழைக்காலங்களைக் காணும் இவ்வூரில் அது மாதமொரு முறை செய்ய வேண்டிய வேலை. எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் இயந்திரம் எழாது. அப்போது கைப்பம்பை அழுத்தி, காற்று முழுவதும் வெளியேறும் வரை திருகின் வழியே டீசலை வழியவிட வேண்டும். கிணற்றுக் கைப்பம்பில் தண்ணீர் ஊற்றி 'பிடிக்க' வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதன்று.

குளிரூட்டும் முறை தாய்மார்களுக்கு எளிதில் விளங்கும். ரேடியேட்டரின் மூடி, பிரஷர் குக்கரின் மூடியைப் போன்றது. அழுத்தம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலை உயரும். அதனால் நூறு டிகிரியைத் தாண்டியும் நீர் ஆவியாகாமல் வேலை செய்யும். குக்கரைச் சூடாக இருக்கையில் யாரும் திறப்பதில்லையே. இம்மூடியையும் அவ்வாறே திறக்கலாகாது. கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். ஆதலால் அதற்கென விற்கும் கலவையையே ஊற்ற வேண்டும்.

துருவே நம்மூர் வண்டிகளின் எமன். கடற்காற்று ஒருபுறம், இடவப்பாதியும் துலாவர்ஷமும் மறுபுறம். கதவுகளின் அடியில் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் உள்ளன. மாவிலையும் புழுதியும் அவற்றை அடைத்துக்கொள்ள, நீர் உள்ளேயே தங்கிக் கதவை அரிக்கும். இதைத் தடுப்பதற்கு வேண்டிய கருவி ஒரு தென்னை ஈர்க்குச்சி. மே மாத இறுதியில் ஒரு முறையும், செப்டம்பர் இறுதியில் ஒரு முறையும் துளைகளைக் குத்தித் திறந்துவிட்டு, துரு தெரியும் இடத்தைச் சுரண்டி, சாலைக் கடைத்தெருவில் வாங்கிய சிவப்பு ஆக்சைடு பூசுகிறேன். விளக்குப் பிடிப்பது என் மகளின் வேலை. இப்போது துளை எங்கேயுள்ளது என்பதை அவளே எனக்குக் காட்டுகிறாள்.

வீட்டில் செய்யலாகாதவையும் உள. பிரேக், ஸ்டீயரிங், டீசல் பம்பின் உட்பகுதி ஆகியவற்றில் நான் கை வைப்பதில்லை. அவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே விடுகிறேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பது தற்கொலைக்கு ஒப்பு. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; ஆகவே நன்றாகத் தோன்றினாலும் இரண்டாண்டுக்கொரு முறை மாற்றச் சொல்லிவிடுவேன்.

இவ்வளவும் கேட்டு, 'இவர் பெரிய கெட்டிக்காரர்' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே நினைத்தேன். அந்நினைப்பு எப்படி அழிந்தது என்பதைச் சொல்லவே இம்மேடைக்கு வந்தேன்.

2017-ஆம் ஆண்டு. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு நாகர்கோவிலுக்கு அப்பாலுள்ள என் ஊரிலிருந்து தம்பி பேசினான். "அண்ணா, அப்பாவுக்கு முடியவில்லை, உங்களைத்தான் கேட்கிறார், உடனே வாருங்கள்" என்றான். அந்நேரத்தில் இரயில் இல்லை. "வாடகை வண்டி பிடிக்கலாமே" என்றாள் என் மனைவி. "நம் வண்டி இருக்கையில் வாடகை வண்டி எதற்கு?" என்றேன். குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

நெய்யாற்றின்கரை தாண்டிப் பாறசாலையை நெருங்கும்போது, முன்புறத்திலிருந்து ஆவி குபீரென்று எழுந்தது. ரேடியேட்டரின் மேற்குழாய் வெடித்துவிட்டது. அது ஒரு முழ ரப்பர் குழாய். விலை 140 ரூபாய். மூன்று வாரங்களுக்கு முன்பே அது ஓரிடத்தில் உப்பியிருந்ததை என் கண்ணால் கண்டேன். 'ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம்' என்று விட்டேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின. அறுந்தால் கட்டிக்கொள்ளலாம், எனக்குத் தெரியாத வேலையா என்ற கர்வம்.

கடையை மூடிக்கொண்டிருந்த தேநீர்க் கடைக்காரர் ஒருவர் ஒரு வாளித் தண்ணீரும், பழைய சைக்கிள் டியூப் ஒன்றும் கொடுத்தார். அம்மலையாளச் சகோதரரின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. இயந்திரம் ஆறும் வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். பிறகு டியூபைக் கிழித்து, குழாயின்மேல் இறுகச் சுற்றி, அழுத்தம் சேராதபடி மூடியைத் தளர்த்தி வைத்து, மெல்ல ஓட்டினேன். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று ஒவ்வோர் ஊரிலும் நின்று நீர் ஊற்றினோம். இரண்டு மணிக்குச் சேர வேண்டியவன் நாலரை மணிக்குச் சேர்ந்தேன். தந்தையார் மூன்றே முக்காலுக்குக் கண்மூடிவிட்டார். கடைசி வரை வாசற்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார் என்று தம்பி சொன்னான்.

நடு இரவில், வெறும் சைக்கிள் டியூபைக் கொண்டு வண்டியை ஊர் சேர்த்ததற்காக உறவினர் என்னைப் பாராட்டினார்கள். அப்பாராட்டைப் போல என்னைச் சுட்டது வேறொன்றுமில்லை. அன்றுதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று: பழுது பார்ப்பது வேறு, பராமரிப்பது வேறு. பழுது பார்ப்பவனுக்குப் புகழ் உண்டு. ஏனெனில் கெட்டதை அவன் நேராக்குவதை எல்லோரும் காண்கிறார்கள். பராமரிப்பவனுக்குப் புகழில்லை, ஏனெனில் அவன் தடுத்த கேட்டை எவரும் காண்பதில்லை. நான் புகழுள்ள வேலையில் கெட்டிக்காரனாகவும், புகழில்லாத வேலையில் சோம்பேறியாகவும் இருந்தேன்.

இத்தனைக்கும் நான் வேலை செய்யும் துறை அந்த இரண்டாவது வேலையாலேயே நிற்கிறது. பழைய நாளில் வண்டி நிலையத்தில் நின்றதும் ஓர் ஊழியர் சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் மந்தமாக ஒலிக்கும். பெட்டிகள் பழுது இருப்பினும் இல்லாவிடினும், குறித்த காலத்தில் பணிமனைக்குப் போயே தீரும். அத்துறையின் பதிவேடுகளை எழுதிய கை, சொந்த வண்டிக்கு ஒரு பதிவேடு எழுதவில்லை.

தந்தையாரின் காரியங்கள் முடிந்து திரும்பியதும், நாலணாப் பெறாத ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நான்கு பத்திகள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், கண்டது, செய்தது. கண்டதற்கும் செய்ததற்கும் இடையே ஏழு நாளுக்கு மேல் ஆகக்கூடாது என்பது ஒரே சட்டம். வாரமொரு முறை எண்ணெய், குளிர்நீர், பெல்ட், டயர்க் காற்று. மாதமொரு முறை வடிகட்டி, பாட்டரி முனைகள். ஆண்டுக்கொரு முறை எல்லா ரப்பர் குழாய்களையும் விரலால் அழுத்திப் பார்த்தல். அப்புத்தகம் தொடங்கியபின் இதுவரை வண்டி வழியில் நின்றதில்லை.

இதனைப் புகழ்ந்து, எல்லோரும் பழைய வண்டி வாங்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் ஆறாம் நெறி நடைமுறைக்கு வந்தது. அதன்படி செய்த வண்டியோடு ஒப்பிட்டால் என் வண்டியின் புகை அதிகமே. 2016 மே மாதம் பசுமைத் தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு, திருவனந்தபுரம் உள்ளிட்ட ஆறு நகரங்களில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடலாகாது என்றது. அடுத்த மாதமே கேரள உயர்நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக உயர்ந்தது. விபத்தில் விரிந்து காக்கும் காற்றுப்பையும் என் வண்டியில் இல்லை. ஆகவே நாளும் நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு இது ஏற்றதன்று. வாரம் ஒருமுறை ஓடி, மற்ற நாட்களில் நிற்கும் எனக்குத் தகும். சட்டகத்தில் துரு ஏறியது என்று மெக்கானிக் சொல்லும் நாளில், அழுதுகொண்டாவது விட்டுவிடுவேன்.

உலகில் பல நாடுகளுக்கு இது விருப்பமன்று, கட்டாயம். அமெரிக்கா வணிகத்தை நிறுத்தியபின், 1950-களின் கார்களைக் கியூபா மக்கள் இன்றும் ஓட்டுகின்றனர். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்திய இலங்கையில், தனியார் கார்களுக்கு 2025 வரை வழி திறக்கவில்லை. அங்கெல்லாம் பழைய வண்டியை ஓட வைப்பவர்கள் செல்வர்கள் அல்லர், பொறுமைசாலிகள்.

இக்கோட்டைக்குள், பத்மதீர்த்தக் கரையிலே, மேத்தன் மணியைக் காணாதவர் நம்மில் இல்லை. மணிதோறும் அம்முகம் வாய் திறக்கும். இரண்டு ஆடுகள் ஓடிவந்து முட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறி அது. குழந்தைகள் ஆட்டைப் பார்க்கிறார்கள். அதற்கு எண்ணெயிட்டவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை.

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்குப் பராமரிக்க வேண்டியவை பல உண்டு. ஊரில் உள்ள முதியோர், குழந்தைகளின் தமிழ், இச்சங்கம். இவற்றில் எங்கேனும் ஓரிடத்தில் குழாய் உப்பியிருப்பதை நீங்கள் ஏற்கனவே கண்டிருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று விட்டிருக்கவும் கூடும். இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். வீடு திரும்பியதும், ஊரிலுள்ள தாய் தந்தையரோடு ஒரு வார்த்தை பேசிவிட்டு உறங்குங்கள்.