தூக்கத்திலேயே ஒரு சோதனை

சிங்கப்பெருமாள் கோயிலில் ரயில் ஏறினால் பரனூர், அடுத்தது செங்கல்பட்டு. 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவும் உண்டு.

இப்படிப்பட்ட பிரிவில் பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று தூங்கும்போதே பார்த்துவிடலாம். காதில் ஒரு சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். நல்ல உட்காது பதிலுக்கு ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். ஊசி கிடையாது, சில நிமிட வேலை.

"இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பார்கள் பாட்டிமார், பேச்சு வராத பிள்ளையைப் பார்த்து. அந்தக் காத்திருப்புதான் வினை. மூளை பேச்சைப் பழகுவது முதல் சில வருடங்களில்.

காதுக் கருவியும் உதவாத குழந்தைக்கு இருப்பது காக்ளியர் இம்ப்ளாண்ட். உட்காதின் சுருளுக்குள் மின்முனைகளைச் செலுத்திக் கேட்கும் நரம்பையே தூண்டுவது. லட்சக்கணக்கில் செலவாகும் இந்த அறுவை, தகுதியுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது.

உடனே கேட்டுவிடாது. காயம் ஆறியபின்தான் வெளிக்கருவியை இயக்குவார்கள். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. குக்கர் விசிலடித்தால் பிள்ளையை அடுப்படிக்குத் தூக்கிப்போய், "சத்தம் கேட்டுச்சா?" என்று காட்ட வேண்டும். இதை அம்மா தலையிலேயே கட்டிவிடுகிறோம், அப்பாக்களும் தூக்கலாம்.