சந்தியைக் கடக்கும் முதியவர்

மோட்டார் வண்டிகள் அரிதான லாங் ஐலண்டில் நடந்து பழகிய முதியவர், படகேறி ரங்கத் வந்து, அந்தமான் நெடுஞ்சாலையைக் கடக்க நேரிடின் திகைத்து நிற்பார். அவரைக் குறை கூறல் தகுமோ? குறை சாலையின் அமைப்பிலன்றோ உள்ளது!

பிரிட்டனில் 1951-இல் வரிக்குதிரைக் கோடுகள் சட்டப்படி நடைமுறைக்கு வந்தன. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு விதிகளும், அக்கோடுகளில் நடப்போருக்கு ஓட்டுநர் வழிவிட வேண்டுமென்கின்றன. ஆயினும் கோடு மட்டும் வண்டியை நிறுத்தாது. வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது.

ஆகவே, சந்தியின் வளைவைக் குறுக்கினால் வண்டி மெல்லத் திரும்பும். கடக்குமிடத்தைச் சற்று உயர்த்தினால் வேகம் தணியும். நடுவே திட்டு அமைத்தால், ஒரு வேளைக்கு ஒரு திசையைப் பார்த்தாற் போதும்.

நீங்கள் வாழும் ஊர்ச் சந்தியில் முதியோர் நிற்க அத்தகைய திட்டு உண்டா? இல்லையெனில், நகராட்சியிடம் கேளுங்கள்.