விழுந்த முதியோரும் வீட்டுப் பயிற்சியும்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மண்டபத்தில் இடுப்பெலும்பு முறிவைப் பற்றிப் பேச வந்துள்ளோம். இது மேடைக்கேற்ற பொருளோ எனச் சிலர் ஐயுறக்கூடும். ஆயினும், அப்புவோ ஆச்சியோ இல்லாத வீட்டிலிருந்து இங்கு வந்தவர் மிகச் சிலராகவே இருப்பர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 100 பேரில் 12 பேருக்கு மேல் 60 வயதை எட்டியவர்கள். பிள்ளைகள் கடல் கடந்து போன எமது கிராமங்களிலே இத்தொகை இன்னும் கூடுதலாகவே கண்ணிற் படுகின்றது.

நோயின் தன்மையை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுவோம். இடுப்பு முறிந்தது என்று நாம் சொல்லும்போது, முறிந்திருப்பது தொடையெலும்பின் மேல்நுனியாகும். வயது செல்லச் செல்ல, சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களில், எலும்பு உள்ளே ஐதாகின்றது. மரத்திலிருந்து விழவேண்டியதில்லை, ஈரக் கிணற்றடியில் வழுக்கினாலும், இருட்டில் வாசற்படி தடக்கினாலும் போதும். விழுந்தவர் எழமுடியாது கிடப்பார். பெரும்பாலும் கால் குறுகிப் பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். அந்நேரத்தில் எண்ணெய் பூசி உருவுதல் கூடாது. எமது முறிவு நெரிவு வைத்தியத்தை இழித்துரைப்பது நோக்கமன்று. மணிக்கட்டுக்கு மட்டை வைத்துக் கட்டலாம். பெருந்தசைகள் நாற்புறமும் இழுக்கும் தொடையின் ஆழத்திலே எந்த மட்டையும் எலும்பை நிறுத்தி வைக்காது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அம்புலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே தக்கது.

முற்காலத்தில் மேனாட்டிலுங்கூட இத்தகையோரைக் காலிற் பாரந் தொங்கவிட்டு மாதக்கணக்காகப் படுக்கவைத்தனர். படுக்கைப் புண்ணும் நியூமோனியாவும் பலரைக் கொண்டுபோயின. 1931ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிமித்-பீற்றர்சன், மூன்று விளிம்புள்ள ஆணியொன்றால் எலும்பைப் பொருத்தும் முறையை வெளியிட்டார். இன்று முறிந்த இடத்தைப் பொறுத்து ஆணியோ திருகாணியோ ஏற்றுகின்றனர். அல்லது எலும்பின் தலையை அகற்றி உலோகத் தலை வைக்கின்றனர். இச்சத்திரசிகிச்சையின் நோக்கமே நோயாளியை விரைவில் எழுப்புவதாகும். இயன்றவர்களை மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கி நிற்கவைப்பது இக்கால வழக்கம்.

இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய ஒருவரை, வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நாம் என்ன செய்கிறோம்? மறுபடி படுக்கவைக்கிறோம். "ஆச்சி, நீங்கள் எழும்பவேண்டாம், எல்லாம் கட்டிலடிக்கு வரும்" என்கிறோம். தேத்தண்ணீர் கட்டிலுக்கு வருகின்றது, சோறு வருகின்றது, சட்டியும் வருகின்றது. அயலவர் வந்து பார்த்து, "மருமகள் தங்கமாய்ப் பார்க்கிறாள்" என்று புகழ்ந்து போகின்றனர். ஆச்சியின் கால்களோ நாளுக்கு நாள் சூம்புகின்றன.

இதை வெறும் பேச்சாகக் கூறவில்லை. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், நல்ல சுகதேகிகளான முதியோர் 12 பேரைப் 10 நாட்கள் கட்டிலிற் கிடத்திப் பார்த்தனர். சராசரி வயது 67. பத்தே நாட்களில் கால்களிலிருந்து ஏறத்தாழ 1 கிலோ தசை போயிற்று. அவர்களுக்கு எலும்பு முறியவில்லை, கத்தி படவில்லை, நோவில்லை. அவ்வாறாயின் 80 வயதில் முறிவுக்கு ஆளாகி ஒரு மாதம் கிடப்பவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஐந்திலொருவர் அல்லது நான்கிலொருவர் ஓராண்டுக்குள் இறப்பதாகப் பல நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. ஆகவே இது வெறுங் காற்பிரச்சினையன்று.

வீட்டிற் பயிற்சி செய்தால் பலனுண்டோ? 2014ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வழக்கமான சிகிச்சையை முடித்துக்கொண்ட 232 பேரில் ஒரு பகுதியினருக்கு இயன்மருத்துவர் வீட்டுக்குச் சென்று பயிற்சிகளைக் கற்பித்தார். பின்னர் அவர்கள் தாமாகவே 6 மாதஞ் செய்தனர். கதிரையிலிருந்து எழுதல், படி ஏறுதல் போன்ற அன்றாடச் செயல்களே பயிற்சி. அவர்களின் உடலியக்கத் திறன் மற்றவர்களிலும் பார்க்க ஓரளவு தேறியது. 2019இல் 210 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்விலோ, 16 வாரக் கடும் பயிற்சி பெற்றவர்களுக்கும் வீட்டிலேயே இலேசான பயிற்சி பெற்றவர்களுக்கும், 6 நிமிடத்தில் 300 மீற்றர் நடக்கும் திறமையில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில், வீட்டுப் பயிற்சி மந்திரமன்று என்பது தெளிவு. ஆனால் தெருக்கோடி மட்டும் நடக்க முடியாவிடினும், தன் கையாலே முகங்கழுவித் தானே மலசலகூடத்துக்குப் போய்வருவது ஒரு முதியவருக்கு எவ்வளவு பெரிது! அந்தளவையேனும் இழக்கவிடலாகாது என்பதே எமது கருத்து.

இனிச் செய்முறைக்கு வருவோம். வீட்டுக்குப் புறப்படுமுன், முறிந்த காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம், எப்படிக் குனியலாகாது என்பதைச் சத்திரசிகிச்சை வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். உலோகத் தலை வைக்கப்பட்டவர் சில வாரங்களுக்குத் தாழ இருத்தலும் கால்மேற் கால் போடுதலும் ஆகாவென்று பொதுவாகச் சொல்லப்படும். இங்கேதான் எமது வீடுகள் இடைஞ்சல் செய்கின்றன. பாயிற் படுத்து, நிலத்திற் சப்பணங் கட்டியிருந்து உண்டு, குந்தியிருந்து மலங்கழித்துப் பழகியவர்கள் நாம். ஆதலின் பாய்க்குப் பதில் முழங்காலளவு உயர்ந்த கட்டில் வேண்டும். கைபிடியுள்ள உறுதியான கதிரை வேண்டும். உள்ளே அமிழ்த்தும் சாய்மனைக் கதிரை உதவாது. குந்துமிடத்துக்கு மேலே வைக்கத்தக்க, நடுவில் ஓட்டையிட்ட கதிரையை எந்தத் தச்சரும் ஒரே நாளிற் செய்து தருவார். விரித்த சாக்கையும் காற்சீலையையும் வழியிலிருந்து அகற்றிவிடுங்கள். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

பயிற்சியோ எளிது. நோவுக் குளிசை கொடுத்து அரைமணி நேரங் கழித்து, காலையும் மாலையும், கைபிடியை ஊன்றிக் கதிரையிலிருந்து எழுந்து இருத்தல். முதலில் ஐந்து முறை, பின்னர் பத்து. கதிரையில் இருந்தபடி முழங்காலை நீட்டி மடக்குதல். குசினி மேடையைப் பிடித்து நின்று காலைப் பக்கவாட்டிலே தூக்குதல். 'வோக்கர்' என்னும் நாற்காற் சட்டத்தைப் பிடித்து விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடத்தல். நாளடைவில் அதைத் தடியாக மாற்றலாம். படியில் ஏறும்போது நல்ல கால் முந்த வேண்டும். இறங்கும்போது முறிந்த கால் முந்த வேண்டும். துணை நிற்பவர் கையைப் பிடித்து இழுக்கலாகாது. அருகில் நிற்றலே போதும். ஒரு தேத்தண்ணீரை அவரே எழுந்து மேசையில் வந்து குடிப்பாராயின் அதுவும் பயிற்சிதான்.

சத்திரசிகிச்சைக்குப் பின் சிலர் மாறாட்டமாகப் பேசுவர். பிள்ளையின் பெயர் மறப்பர். மூளை போய்விட்டதென்று கலங்கவேண்டாம். வைத்தியருக்கு அறிவித்து, கண்ணாடியை அணிவித்து, பழகிய குரலிற் பேசிவந்தால் பெரும்பாலும் தெளியும். கஞ்சி மாத்திரம் தசையை வளர்க்காது. முட்டை, மீன், மரக்கறியுண்போருக்குப் பால், தயிர், பருப்பு, கௌபி ஆகியவை தாராளமாகச் சேரவேண்டும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், திடீரென மூச்சு முட்டினாலும், காயம் சீழ் வடித்தாலும் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மற்றொன்று: ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறையும் முறிய இடமுண்டு. ஆண்டுக்கொரு முறை நாளத்தில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் புதிய முறிவுகளையும் இறப்பையும் குறைத்ததென 2007இல் வெளியான ஆய்வு காட்டியுள்ளது. எலும்பை வலுப்படுத்தும் மருந்து பற்றி வைத்தியரிடம் நாமே கேட்கவேண்டும். அவசரம் மிக்க விடுதியில் அது தவறிவிடுவதுண்டு.

இவையெல்லாம் யார் செய்வது? மகன் கனடாவில், மருமகளுக்குச் சமையலும் பிள்ளைகளும் வேலையும். தொலைபேசியில் பணம் அனுப்பியதைச் சொல்லலாமேயன்றி, கதிரையருகே நிற்க முடியாது. பயத்தால் எழ மறுக்கும் ஆச்சியிடம், "இன்று ஐந்து முறை, நாளை ஆறு" என்று சொல்லிப் பக்கத்தில் நிற்க ஒருவர் வேண்டும். அதற்கு நாளொன்றுக்குக் கால்மணி நேரம் இருமுறை போதும். சங்கத்து இளைஞர் தத்தம் ஒழுங்கையில் முறிவுற்ற முதியவர் ஒருவரின் வீட்டாரையும் இயன்மருத்துவரையும் கேட்டு, முறைவைத்து இதனைச் செய்யலாம். தச்சுவேலையும் மேசன்வேலையும் அறிந்தோர் ஒரு சனிக்கிழமை போய், மலசலகூடச் சுவரில் இருபுறமும் கைபிடி பூட்டி, கிணற்றடிப் பாசியைச் சுரண்டி, வாசற்படிக்கருகே பிடித்து ஏற ஒரு குழாய் நாட்டிவிட்டு வரலாம். குழாயை நாட்டுமுன் ஆச்சியை அருகே நிற்கவைத்து, அவரின் கை எட்டும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் உயரத்துக்கு நாட்டிவிடாதீர்கள்.