ரப்பர் பட்டையும் தோள் வலிமையும்



கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோம். திரைப்படம் எடுத்த சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னும் சாண்டோ என்னும் சொல் நின்றது. அது ஒரு மனிதரின் பெயர். பிரஷ்யாவில் 1867ஆம் ஆண்டில் பிறந்த யூஜின் சாண்டோ தம் உடற்கட்டால் உலகப் புகழ் எய்தியவர். இந்தியாவுக்கும் வந்து வலிமை காட்டியவர். இரும்புக் குண்டுகளைத் தூக்கிப் பெயர் பெற்ற அவர், வீட்டிலே பயில்வோருக்கு ரப்பர் கயிறுகளால் ஆன கருவியையும் விற்றார்.

இதை நான் அறிந்தது அண்மையில்தான். ஆசிரியப் பயிற்சியில் டிரில் கற்றேன். பல ஆண்டுகள் கற்பித்தும் இருக்கிறேன். ஆனால் ரப்பர் என்றால், பையன்களிடமிருந்து பறித்து என் மேசையறையில் பூட்டிவைத்த உண்டிவில்களே நினைவுக்கு வரும். அதில் மருந்து உண்டு என்று எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், பூம்பாறையில் பூண்டு வயலின் வரப்பில் வழுக்கி வலத்தோள் அடிபட விழுந்தேன். எலும்பு முறியவில்லை, தோள்மூட்டைச் சூழ்ந்த தசைநாண் ஒன்று சிறிது கிழிந்திருந்தது. சில வாரங்கள் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது தலை வாருவதற்குக் கூடக் கை எழவில்லை. நாள்தோறும் கரும்பலகையின் உச்சியில் தேதி எழுதிய கை அது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

எங்கள் ஊரில் இத்தகைய தோள்கள் பல உண்டு. பூண்டு மூட்டை சுமப்பவர் விழுந்தால், வலி அடங்கும்வரை கையை அசைக்காமல் இருப்பார்; அடங்கியதும் நேரே மூட்டைக்குத் தோள் கொடுப்பார். அசையாமல் கிடந்த தசை மெலிந்திருக்கும், மூட்டையோ மெலிந்திராது. இடையில் ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் இந்த ரப்பர் பட்டை.

கொடைக்கானல் நகரில் இயன்முறை மருத்துவம் பயின்ற ஓர் இளம்பெண் எனக்கு மஞ்சள் பட்டை ஒன்றைத் தந்தார்.

"இதுதானா அம்மா வைத்தியம்?" என்றேன்.

"இதுதான் ஐயா. இழுப்பதைவிட, திரும்ப விடுவதில் கவனம் வையுங்கள்" என்றார்.

முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவைத்து, இடையில் மடித்த துண்டு ஒன்றைச் செருகி, முன்கையை மட்டும் வெளிப்புறமாக இழுக்கவேண்டும். பிறகு பட்டை வெடுக்கென்று இழுத்துக்கொள்ள விடாமல் மெல்லத் திரும்பவேண்டும். இழுக்கும்போது தசை சுருங்கிக்கொண்டே உழைக்கிறது. திரும்பும்போது நீண்டுகொண்டே உழைக்கிறது. இரண்டும் பயிற்சியே. நான் முதலில் பாதிப் பயிற்சியைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இரும்புக் குண்டு எப்போதும் தரையை நோக்கியே இழுக்கும். பட்டையோ நாம் கட்டிவைத்த திசையில் இழுக்கும். நீள நீள அதன் எதிர்ப்பும் மிகும். ஆகவே எந்தத் தசைக்கு எவ்வளவு வேலை என்று வகுத்துக் கொடுக்கலாம். பூமியின் ஈர்ப்பை அது நம்பி இருக்கவில்லை. 1965ஆம் ஆண்டில் ஜெமினி 7 விண்கலத்தில் 14 நாள் இருந்த இருவரும் எடையற்ற அந்நிலையில் ரப்பர் கயிற்றை இழுத்தே உடற்பயிற்சி செய்தார்கள்.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த தெராபேண்ட் என்னும் பட்டைகளில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று வலு ஏறும். இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் ஏறத்தாழ 1.3 கிலோகிராம் அளவும், நீலம் 2.6 அளவும் எதிர்க்கும். பிற தயாரிப்பாளர்களின் நிறவரிசை வேறாகலாம்.

மூன்று வாரம் சென்றதும், தேறிவிட்டேன் என்று எண்ணி நானே கடையில் நீலப் பட்டை வாங்கினேன். இரண்டு நாளில் வலி திரும்பிவிட்டது. அந்தப் பெண் கடிந்துகொள்ளவில்லை. "ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை மறுநாளே நான்காம் வகுப்பில் உட்காரவைப்பீர்களா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். தலைமையாசிரியனாய் இருந்தவனுக்கு அதைவிடத் தண்டனை வேறு வேண்டுமா?

அடிபட்ட மூட்டுடையோர் மருத்துவரைக் கேளாமல் இதில் இறங்கலாகாது. ரப்பர் வெயிலில் கெடும். கீறல் கண்ட பட்டை அறுந்து கண்ணில் தெறிக்கக்கூடும். இழுக்குமுன் ஒவ்வொரு நாளும் அதை விளக்கொளியில் பாருங்கள்.

எங்கள் ஊரிலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மலைப்பாதை. நாள்தோறும் போய்வர இயலாது. பட்டையோ சட்டைப் பையில் அடங்கி என்னோடு பேருந்தில் வந்துவிட்டது. இப்போது பச்சைப் பட்டைக்கு வந்திருக்கிறேன். வலக்கையால் தலை வாருகிறேன். சென்ற வாரம் பழைய பள்ளிக்குப் போய், யாரும் இல்லாத வகுப்பறையில் சுண்ணக்கட்டியை எடுத்துப் பார்த்தேன். கரும்பலகையின் உச்சிக்கு இன்னும் நான்கு விரற்கடை இருக்கிறது.