சுரப்பிநீரும் இருதயத்தின் சுவரும்



ரத்தக் கொதிப்பு என்றதும், "கவலைதான் காரணம்" என்று சொல்லிவிடுகிறோம். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பிழைப்பின் பொருட்டு வாழ்வோருக்கு அவ்விளக்கம் எளிதில் பொருந்தியும் விடுகிறது. ஆயினும், சிலரிடத்தில் காரணம் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. சிறுநீரகங்களின் மேல் குல்லாய்போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகளே அவ்விடம்.

இச்சுரப்பிகள் அல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. உடலின் உப்பைக் காக்கும் கணக்கப்பிள்ளை அது. தேவைக்கு மேல் சுரந்தாலோ, சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கிறது. பொட்டாசியத்தைச் சிறுநீரில் இழக்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிலருக்குத் தசை தளர்கிறது. 34 வயதுப் பெண்மணி ஒருவரிடம் இந்நோயை ஆராய்ந்து, 1955-இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் உலகுக்கு விவரித்தார்.

இனி இருதயத்துக்கு நேர்வதைக் காண்போம். உயர்ந்த அழுத்தத்தை எதிர்த்து ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால், இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. மூட்டை சுமப்பவரின் புயம் திரண்டால் வலிமை கூடும்; இருதயச் சுவர் தடித்தாலோ அது இளகி விரியும் தன்மையை இழக்கிறது. அறை எளிதில் நிரம்புவதில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

இவ்வளவோடு நிற்பதில்லை. அழுத்தம் ஒரே அளவாயிருக்கும் இருவரை ஒப்பிட்டால், அல்டோஸ்டிரோன் மிகுந்தவரின் சுவரே பெரும்பாலும் அதிகம் தடித்திருக்கும். அந்த ஹார்மோன் இருதயத் தசையையே நேராகத் தாக்கி, இழைகளுக்கிடையே வடுப்போன்ற நாரை வளர்க்கிறது. மேலறை விரிந்து, துடிப்பு ஒழுங்கு கெடவும், பக்கவாதம் நேரவும் வழி பிறக்கிறது. உணவில் உப்பு மிகுந்தால் கேடும் மிகும். ஊரிலிருந்து அன்போடு வரும் மாவடுவையும் அப்பளத்தையும் அளவோடு உண்பது நலம்.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஒரு சுரப்பியில் மட்டும் கோளாறு இருப்பின், அறுவை சிகிச்சையால் அதை நீக்கலாம். இரண்டிலும் இருப்பின், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்து அந்த ஹார்மோனைத் தடுக்கும். தடித்த சுவர் ஓரளவு மெலிகிறது. ஆனால் நெடுநாள் முற்றிய வடு முழுதும் மறைவதில்லை. எனவே காலம் தாழ்த்தலாகாது.

இளம் வயதிலேயே கொதிப்பு வந்தவர்களும், மூன்று மருந்துகள் உண்டும் அழுத்தம் தணியாதவர்களும், பொட்டாசியம் குறைந்தவர்களும் மருத்துவரிடம் ரெனின், அல்டோஸ்டிரோன் ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்டல் வேண்டும். பொட்டாசியம் சரியாக இருப்பதால் மட்டும் இந்நோய் இல்லையென்று முடிவு செய்யக் கூடாது. மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

மாற்றலாகி ஊர்விட்டு ஊர் செல்வோர் பாத்திரம் பண்டங்களைக் கருத்தோடு கட்டுகிறார்கள். மருத்துவச் சீட்டுகளைப் பழைய வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். புது மருத்துவர் முதலிலிருந்து தொடங்க, ஆண்டுகள் வீணாகின்றன. அவ்வாண்டுகளில் இருதயத்தின் சுவர் ஓசையின்றித் தடித்துக்கொண்டிருக்கும். அச்சீட்டுகளையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.