பெற்றோருக்கு மதிப்பெண் இடுபவர் யார்?



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு ஒரு வசதியுண்டு. பணி செம்மையாக அமைந்ததா என்பதை மூலத்தோடு ஒப்பிட்டு அறியலாம். குழந்தை வளர்ப்பிலோ மூலப்பிரதி கிடையாது. ஊரைவிட்டு வந்த நமக்கு, குறைகண்டு திருத்தும் பாட்டியும் அத்தையும் அருகில் இல்லை. ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணையே அளவுகோலாக்கிக்கொள்கிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் மகள், கணக்கில் தோற்ற தேர்வுத்தாளைப் பதினைந்து நாட்கள் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தாள். கண்டெடுத்தபோது முதலில் கோபம் எழுந்தது, பிறகு வெட்கம். தாளிலிருந்த எண் அவளுடைய கணக்கறிவைக் காட்டிற்று. ஒளித்த நாட்கள் எங்கள் வளர்ப்பைக் காட்டின.

வானொலியில் தாய்மாருக்குப் பல உரைகள் நிகழ்த்திய ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட், 1953இல் வெளியிட்ட கட்டுரையில், ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்னும் கருத்தை விளக்கினார். சிசுவின் தேவைக்கு முதலில் ஏறக்குறைய முற்றிலும் இசையும் தாய், அது தாங்கும் அளவறிந்து படிப்படியாக அவ்விசைவைக் குறைக்கிறாள். அச்சிறு ஏமாற்றங்களாலேயே குழந்தை உலகை அறிகிறது என்றார் அவர். குறையற்ற பெற்றோராக இருத்தல் கடமையன்று என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆயினும் ஆறுதலையே தேர்ச்சியென்று கருதலாகாது. தவறிழைத்த குழந்தை முதலில் யாரிடம் வருகிறது? நாம் தவறிழைத்தால் அதனிடம் ஒப்புக்கொள்கிறோமா? இவ்விரு வினாக்களே நமக்குரிய தேர்வு.

நாங்கள் அன்று கடிந்ததற்காக மகளிடம் வருத்தம் தெரிவித்தோம். அடுத்த பருவத்திலும் அவளுடைய எண் பெரிதும் உயரவில்லை. ஆனால் தாளை அவளே கொணர்ந்து எங்கள் கையில் தந்தாள்.